போதும்னு ஒருத்தர் சொன்னா

தென்காசிப் பக்கம் ஒரு குழு. ஞாயித்துக்கிழமை ஆனா மலை ஏறும். இல்லன்னா கயாக் படகுகள அணையில எறக்கித் துடுப்பு போடும். அடை மழையில ரெண்டுமே முடியாது. அப்ப எல்லாரும் சேந்து பரோட்டா சாப்பிடப் போவாங்க.

அந்தக் குழுவுக்கு மாஸ்டர் பியூலா. பிசியோதெரபி கிளினிக் வச்சிருக்காங்க, வயசு முப்பத்தொண்ணு. அவங்ககிட்ட கத்துக்க வந்த நயினாருக்கு நாப்பது தாண்டிருச்சு. அதனால மாஸ்டர் சிஷ்யன "அண்ணாச்சி"ம்பாங்க. சிஷ்யன் அவங்கள "மாஸ்டர்"ம்பார். ரெண்டு பேருக்கும் அதுல ஒரு சங்கடமும் இல்ல.

நயினார் ஜிம் நடத்துறவர். வேனுக்குள்ள ஏறணும்னா தோளக் கொஞ்சம் சாய்ச்சுத்தான் ஏறணும். யாரோட பை கனமா இருந்தாலும் வாங்கித் தன் முதுகுல போட்டுக்குவார். அவருக்கு ஒரே ஒரு ஆசை. குழுவ முன்னால நின்னு கூட்டிட்டுப் போகணும்.

குழுவுக்கும் ஒரே ஒரு விதி. யாராவது ஒருத்தர் "போதும்"னு சொன்னா, எல்லாரும் திரும்பணும். ஏன்னு கேக்கக் கூடாது. அன்னைக்கும் கேக்கக் கூடாது, பின்னால ஒரு கல்யாண வீட்டுல பாத்தாலும் கேக்கக் கூடாது.

ஒரு நாள் மொட்டைப்பாறை ஏறினாங்க. உச்சி தெரியுது. உச்சியில யாரோ கட்டின பழைய கொடி கூடத் தெரியுது. அப்ப தாட்சாயணி நின்னாங்க. அவங்க பியூட்டி பார்லர் வச்சிருக்கவங்க, வாய் ஓயாமப் பேசிட்டே ஏறுற ஆளு. அன்னைக்குப் பேச்ச நிறுத்திட்டு, "போதும்"னாங்க.

எல்லாரும் திரும்பினாங்க.

கீழ வந்ததும் நயினார் மாஸ்டர்கிட்ட போனார்.

"மாஸ்டர், கொடி தெரிஞ்சுது."

"தெரிஞ்சுது."

"கல்ல விட்டு எறிஞ்சா படும்."

"படும்."

"ஏன்னு ஒரு வார்த்த கேட்டா என்ன தப்பு? கால் வலின்னா நான் தூக்கிட்டே போயிருப்பேன்லா."

பியூலா ஷூவுக்குள்ள போன கல்லத் தட்டிட்டே கேட்டாங்க. "அண்ணாச்சி, உங்க புல்லட்ட ஏன் வித்தீங்க?"

"மைலேஜ் கெடையாது."

"சரி."

"எதுக்குக் கேக்கீங்க?"

"பதில் எப்படி இருக்குன்னு பாத்தேன். நல்ல பதில்."

நயினார் வேன்ல ஏறினார். மைலேஜ் காரணம் இல்லன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஆனாலும் ஆத்திரம் அடங்கல. வேன் பாதி தூரம் வந்ததும் முன் சீட்டுப் பக்கம் குனிஞ்சார்.

"என்னய எப்ப முன்னால விடுவீங்க?"

"ஒரு தடவ போதும்னு சொல்லுங்க. அப்புறம் பாப்போம்."

"அது என் வாயில வராது மாஸ்டர்."

"அப்ப பின்னாலயே நல்லா வாரீங்க."

அடுத்த மாசம் மறுபடியும் மொட்டைப்பாறை. இந்தத் தடவ எப்படியும் உச்சின்னு எல்லாருக்கும் ஒரு வெறி. மருந்துக்கடை சேவியர் கடைய மச்சான்கிட்ட ஒப்படைச்சுட்டு வந்திருந்தார். சேவியர் கடைய யார்கிட்டயும் ஒப்படைக்கிற ஆள் இல்ல. தாட்சாயணி ஒரு தூக்குச் சட்டி நெறைய புளியோதர கட்டிக் கொண்டாந்தாங்க, உச்சியில ஒக்காந்து சாப்பிட.

வேன்ல இருந்து எறங்கி, ஓடையத் தாண்டி, முதல் வளைவு. திரும்பிப் பாத்தா வேன் தெரியுது. டிரைவர் அப்பதான் சீட்டச் சாய்ச்சுட்டுப் படுக்குறார்.

"போதும்"னார் நயினார்.

யாருக்கும் மூச்சு கூட வாங்கல. ஒருத்தர் நெத்தியிலயும் வேர்வ இல்ல. நயினார் கையக் கட்டிட்டு நின்னார். கேளுங்க, எவனாவது கேளுங்கன்னு ஒரு நிப்பு.

பியூலா திரும்பினாங்க. தாட்சாயணி திரும்பினாங்க. ஒவ்வொருத்தரா அவரத் தாண்டிக் கீழ எறங்கினாங்க. சேவியர் மட்டும் உச்சிய ஒரு பார்வ பாத்துட்டுக் கடைசியா எறங்கினார்.

டிரைவர் எழுந்து ஒக்காந்தார். "என்ன, எதையாவது மறந்துட்டீங்களா?"

தாட்சாயணி தூக்குச் சட்டியக் கீழ எறக்கி வச்சாங்க.

"ஏன் திரும்பிட்டீங்க?"

"அண்ணே, நீங்க படுங்க"ன்னாங்க பியூலா.

வேன் நெழல்ல ஒக்காந்து புளியோதரயப் பிரிச்சாங்க. தாட்சாயணி முதல் எலைய நயினார்கிட்ட நீட்டினாங்க. "வறுத்த கடலை நெறைய போட்டிருக்கேன் அண்ணாச்சி. பாத்துக் கடிங்க."

நயினார் எலைய வாங்கல. சண்டைக்குத் தயாரா வந்த ஆளு. சண்ட கெடைக்கலன்னா கைய எங்க வைக்கன்னு தெரியல.

"யாருமே ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"கேக்கக் கூடாதுல்லா"ன்னாங்க தாட்சாயணி.

"அப்ப நானே சொல்லுதேன். ஒரு காரணமும் இல்ல. சும்மா சொன்னேன். உங்க விதி எவ்வளவு கிறுக்குத்தனம்னு காட்டச் சொன்னேன்."

சேவியர் கையில இருந்த உருண்டைய எலையிலயே வச்சார்.

"என்ன வே சொல்லுதீரு? நான் கடைய மச்சான்கிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். அவன் இருமல் மருந்தக் கேட்டா காது சொட்டு மருந்தக் குடுக்கவன்."

"அதான் சொல்லுதேன். இப்படி எவன் வேணும்னாலும் கவுத்துரலாம். விதிய மாத்துங்க."

"விதிய மாத்த வேண்டாம் வே. உம்ம மட்டும் கழிச்சுருவோம்." சேவியர் பியூலா பக்கம் திரும்பினார். "மாஸ்டர், இனிமே இவரு போதும்னா ஏன்னு கேப்போம். பதில் சரியா இருந்தாத் திரும்புவோம். மத்தவங்களுக்குப் பழைய விதி. இது நியாயம்தான?"

"நியாயம்தான்"னார் நயினார் முந்திட்டு.

நாலஞ்சு பேர் தலையாட்டினாங்க. தாட்சாயணி எலையப் பாத்தாங்க.

பியூலா சாப்பிட்டு முடிச்சு, எலைய மடிச்சு, கை கழுவிட்டு வந்தாங்க.

"இவர்கிட்ட ஏன்னு கேக்குற அன்னைக்கு நான் இந்தக் குழுவுல இல்ல. படகு, கயிறு, கூடாரம் எல்லாத்தையும் நீங்களே வச்சுக்கோங்க."

"ஒரு பொய்யனுக்காகவா மாஸ்டர்?"

"ஆமா. யோக்கியனுக்கு விதி எதுக்கு?"

சேவியர் நயினாரக் கை காட்டினார். "இவரே சொல்லுதாரு, என்ன நம்பாதீங்கன்னு."

"நம்புறோம்னு யாரு சொன்னா? திரும்புவோம்னுதான சொன்னோம்."

நயினார் ரொம்ப நேரம் கழிச்சு அந்த எலைய வாங்கிச் சாப்பிட்டார். கடலை நெறையத்தான் இருந்துச்சு.

அப்புறம் கோடை. மலைப் பாதையில காட்டுத்தீ பயம், யாரையும் விடமாட்டாங்க. குழு படகுகளக் கட்டிட்டு மேலத்தேரி அணைக்குப் போச்சு.

நயினார் வருவாரான்னு யாருக்கும் தெரியாது. வந்தார். எல்லாருக்கும் முன்னால வந்து நின்னு, வேன் வந்ததும் எல்லாப் படகையும் ஒத்த ஆளா எறக்கி வச்சார். சேவியர் அவரப் பாத்து, "வந்துட்டீரா"ன்னார். "வந்துட்டேன்"னார் நயினார். அவ்வளவுதான் சமாதானம்.

அக்கரையில ஒரு பெரிய பாறை. பாறைக்குப் பின்னால நெழல். அங்க போய்ச் சாப்பிட்டுத் திரும்புறதுதான் திட்டம். ஆளுக்கு ஒரு படகு, ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட். காத்து இல்ல. வானம் வெளுத்துப் போட்ட வேட்டி மாதிரி.

நயினார் துடுப்பு போட்டா படகு பறக்கும். அன்னைக்கு வேணும்னே மெதுவா போட்டார், தாட்சாயணி பக்கத்துலயே. அவங்க ஒரு கல்யாணப் பொண்ணுக்கு மேக்கப் போட்ட கதையச் சொல்லிட்டே வந்தாங்க. பொண்ணு அழுத அழுகையில மை ஓடிப் போயி, ரெண்டாவது தடவ போட்டு, அப்புறம் பொண்ணோட அம்மா அழுது அவங்களுக்கும் போட்டு.

நயினார் சிரிச்சார்.

அப்ப சீட்டுக்கு அடியில ஒரு சத்தம். நகத்த வச்சுத் தகரத்தக் கீறுற மாதிரி.

குனிஞ்சு பாத்தார்.

அணை கட்டுறதுக்கு முன்னால அங்க வயக்காடு. வரப்பு ஓரமா பனைமரம். தண்ணி ஏறினப்ப மரத்த யாரும் வெட்டல, அப்படியே விட்டுட்டாங்க. ஓலை எல்லாம் எப்பவோ அழுகிப் போச்சு. வெறும் மரம் மட்டும் நிக்குது. கோடையில தண்ணி எறங்குனா உச்சி படகத் தொடும்.

மரத்தோட உச்சி பச்சத் தண்ணியில நல்லாத் தெரிஞ்சுது. அதுக்குக் கீழ மரம் போகுது. இன்னும் போகுது. அதுக்கப்புறம் இருட்டு.

அடுத்து இன்னொன்னு. அதுக்கு அடுத்து இன்னொன்னு. வரிசையா, வரப்பு போன போக்குல, அக்கரை வரைக்கும் நிக்கும் போல.

நயினாருக்கு நீச்சல் தெரியும். ஜாக்கெட் போட்டிருக்கார். அந்த மரம் எந்திரிச்சு வரப் போறதில்ல. எல்லாம் தெரியும். ஆனா தொடை ரெண்டும் கல்லு மாதிரி ஆயிருச்சு. துடுப்புப் பிடிச்ச கை வழுக்குது.

தோள் புடிச்சுக்கிச்சுன்னு சொல்லலாமான்னு நெனச்சார். யாரும் கேக்கப் போறதில்ல, அப்புறம் எதுக்குக் காரணம்? ஆனாலும் மனசு தேடிட்டே இருந்துச்சு. வயிறு சரியில்லன்னு சொல்லலாம். ஜிம்முல யாரோ கூப்பிட்டாங்கன்னு சொல்லலாம், ஃபோன் பிளாஸ்டிக் பையில கட்டி வச்சிருக்கு, அது எப்படிக் கேட்டுச்சுன்னு வரும்.

தாட்சாயணி கதை போயிட்டே இருந்துச்சு. மாப்பிள்ளையோட அத்தையும் அழ ஆரம்பிச்சுட்டாங்க.

மறுபடியும் அந்தச் சத்தம். இந்தத் தடவ படகு நின்னு, லேசா சாய்ஞ்சு, அப்புறம் வழுக்கி எறங்குச்சு.

நயினார் முன்னால பாத்தார். முன்னால சேவியர் படகு. அதுக்கு முன்னால பியூலா படகு. எல்லாரும் ஆனந்தமாப் போறாங்க. போன தடவ இவங்கள எல்லாம் மலையடியில இருந்து திருப்பிவிட்ட வாய், இதே வாய்.

இன்னும் கொஞ்ச தூரம் போட்டார். அதுக்கப்புறமும் கொஞ்ச தூரம்.

"போதும்."

அவருக்கே சரியாக் கேக்கல. தாட்சாயணிக்குக் கேட்டுச்சு. கதைய அத்தையோட கண்ணீர்லயே விட்டுட்டு, துடுப்ப உயரத் தூக்கினாங்க.

"போதும் வந்திருக்கு"ன்னு முன்னால பாத்துக் குரல் குடுத்தாங்க. யார் சொன்னதுன்னு சொல்லல. சொல்ல மாட்டாங்க. ஒரு படகுல இருந்து அடுத்த படகுக்கு அந்தச் சொல்லு போச்சு.

சேவியர் திரும்பிப் பாத்தார். பின்னால ரெண்டே படகு. அதுல ஒருத்தர் மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி இருக்கு.

"ஏ..."ன்னு வாயத் தொறந்தார்.

முன்னால பியூலா துடுப்ப எடுத்து மடியில குறுக்க வச்சுட்டு அவரையே பாத்தாங்க. கோவம் எல்லாம் இல்ல. குழுவ விட்டே கெளம்பத் தயாரா இருக்க ஆளு மாதிரி ஒரு பார்வ.

சேவியர் வாய மூடினார். படகத் திருப்பினார்.

கரைக்கு வந்தாங்க. நயினார் ஒரு கல்லு மேல ஒக்காந்து வானத்தப் பாத்துட்டே இருந்தார். ஒரு காத்து அடிக்கட்டும். ஒரு மேகம் வரட்டும். மூணு சொட்டு மழை விழுந்தாக் கூடப் போதும், தப்பிச்சுரலாம்.

ஒண்ணும் வரல. வானம் அப்படியே கெடந்துச்சு.

ஒரு பரிசல்காரர் அவங்க கண்ணு முன்னாலயே அக்கரைக்குப் போனார். பீடியப் பத்த வச்சார். வலைய எடுத்துட்டுத் திரும்பியும் வந்துட்டார்.

"பரிசல் போயிட்டு வந்துருச்சு"ன்னார் சேவியர்.

"சேவியரண்ணே"ன்னாங்க பியூலா.

"நான் ஒண்ணும் கேக்கலியே. பரிசலப் பத்திப் பேசுதேன். பரிசலப் பத்திப் பேசக் கூடாதுன்னு விதி இருக்கா?"

"இல்ல."

"நல்ல பரிசல்"னார் சேவியர்.

நயினார் எந்திரிச்சார். கரையில எல்லாருக்கும் நடுவுல வந்து நின்னார்.

"மாஸ்டர், நான் காரணத்தச் சொல்லணும்."

"வேண்டாம் அண்ணாச்சி."

"போன தடவ பொய். இந்தத் தடவ நெசம். ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லியா?"

"படகு ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் திரும்பும்."

"எனக்கு வித்தியாசம் இருக்கு. நீங்க கேக்காட்டாலும் நான் சொல்லுவேன். போன தடவயும் சொன்னேன்லா, இந்தத் தடவ மட்டும் என்ன? எல்லார் முன்னாலயும் சொல்லியே தீருவேன். உங்களால என்ன செய்ய முடியும்?"

பியூலா ஒரு நிமிசம் யோசிச்சாங்க. அப்புறம் ரெண்டு ஆள்காட்டி வெரலையும் எடுத்து ரெண்டு காதுலயும் வச்சு அடச்சுக்கிட்டாங்க.

நயினார் பாத்துட்டே நின்னார்.

தாட்சாயணியும் அடச்சாங்க. கம்மல் இடிக்குதுன்னு ஒரு கம்மலக் கழட்டிட்டு மறுபடி அடச்சாங்க. அவங்களப் பாத்து மத்தவங்க. கரை முழுக்கப் பெரிய மனுசங்க, ஈர லைஃப் ஜாக்கெட்டோட, காதுல வெரல விட்டுட்டு நிக்காங்க. பரிசல்காரர் வலையப் பிரிக்கிறத நிறுத்திட்டு வேடிக்க பாத்தார்.

சேவியர் மட்டும் அடைக்கல.

அவருக்குத்தான் அந்தக் காரணம் தேவ. மலையடியில கழிஞ்ச ஒரு நாளுக்கும், மச்சான் கையில மாட்டுன கடைக்கும் ஒரு பதில் அவருக்கு வர வேண்டியிருந்துச்சு. நயினார் அவரப் பாத்தார். அவர் நயினாரப் பாத்தார். நயினார் மூஞ்சியில அந்தச் சுண்ணாம்பு இன்னும் போகல.

"ச்சே"ன்னு சொல்லிட்டு சேவியரும் காதப் பொத்தினார். சும்மா இல்ல, கண்ணையும் சேத்து மூடிட்டு, ஏதோ சர்ச் பாட்ட முணுமுணுக்க ஆரம்பிச்சார்.

நயினார் தண்ணியப் பாக்கத் திரும்பினார். சொன்னார். பனைமரத்தச் சொன்னார். கீழ இருட்டு வரைக்கும் அது போறதச் சொன்னார். சொல்லிட்டு நிறுத்தப் பாத்தார், முடியல. புல்லட் வித்த காரணத்தையும் சொன்னார். ஒரு மழை நாள்ல வழுக்கினதுல இருந்து அதத் தொட்டாலே கை வேர்த்துச்சுன்னு சொன்னார். ஜிம்முல ஒருத்தனுக்கும் தெரியாதுன்னு சொன்னார். எவனாவது சிரிச்சா சிரிக்கட்டும்னு சத்தமாத்தான் சொன்னார்.

அணை கேட்டுக்கிச்சு.

திரும்பினார். எல்லாரும் அவரையே பாத்துட்டு இருந்தாங்க, முடிஞ்சுதான்னு தெரிஞ்சுக்க. அவர் தலையாட்டினார். வெரல எடுத்தாங்க. சேவியர் கண்ண மூடியிருந்ததால தெரியல, பாட்டு ஓடிட்டே இருந்துச்சு. தாட்சாயணி முழங்கையால ஒரு இடி குடுத்தாங்க.

படகுகள வேன் மேல ஏத்திக் கட்டினாங்க. நயினாரும் பியூலாவும் ஒரே கயித்தோட ரெண்டு முனையப் பிடிச்சு இழுத்தாங்க.

"காடு தொறந்ததும் மொட்டைப்பாறை போறோம்"னாங்க பியூலா. "நீங்க முன்னால நடங்க."

நயினார் கயித்த விட்டுட்டார்.

"நானா? மாஸ்டர், வெளையாடாதீங்க. இப்ப நான் சொன்னத நீங்க கேட்டிருந்தீங்கன்னா என்னய முன்னால விடவே மாட்டீங்க."

"அதுக்குத்தான் அண்ணாச்சி, காதப் பொத்தினோம். கயித்தப் பிடிங்க."